பழமொழிக்கு ஜோடி தேடுவது எப்படி: ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன் படிப்பவர்களுக்கு

புது மொழி படிக்க ஆரம்பித்து ஏழெட்டு மாதம் ஆனதும் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். பேச்சுக்கு நடுவே ஒரு பழமொழியை எடுத்துவிட்டு எதிரில் இருப்பவரை அசத்த வேண்டும். எனக்கும் வந்தது. ரஷ்யன் சொல்லிக்கொடுத்த அம்மையாரின் மகனும் மொழி படிக்கவே சேர்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். மனசுக்குள் 'புலிக்குப் பிறந்தது பூனையாகுமா' என்று ஓடியது. வாயில் வந்தது 'ஆப்பிள் தன் மரத்தை விட்டுத் தூரமாக விழுவதில்லை' என்ற ரஷ்யப் பழமொழி. அவர் முகம் ஒரு நொடி மாறியது. அப்புறம் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அப்பன் குடிகாரன், பிள்ளையும் குடிகாரன் என்கிற மாதிரி இடத்தில்தான் இதை நாங்கள் அதிகம் சொல்வோம். பார்த்துச் சொல்லுங்கள்."

நான் மனப்பாடம் செய்திருந்த பட்டியலில் அந்த ஆப்பிளுக்கு எதிரே பிரெஞ்சின் 'தெல் பேர், தெல் ஃபிஸ்' இருந்தது. அப்பா எப்படியோ மகன் அப்படியே. அதற்கு எதிரே அதே அர்த்தத்தில் ஆங்கிலம். மூன்றும் ஒரே வரியில், சமம் என்கிற தோரணையில். யார், யாரைப் பார்த்து, எந்தக் குரலில் சொல்வது என்பதற்கு மட்டும் அந்தப் பட்டியலில் இடமில்லை. அதை எப்படி நிரப்புவது என்றுதான் இங்கே எழுதுகிறேன். படிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். உங்கள் நோட்டில் அந்தந்த மொழியின் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நோட்டு போடுவது

எக்செல் ஷீட்டில் ஆரம்பிக்க வேண்டாம். ஷீட்டில் மூன்று பத்தி போட்டுவிட்டால் மூன்றையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று கை பரபரக்கும். பொய் ஜோடி நுழைவது அந்த நேரத்தில்தான். சாதாரண நூறு பக்க நோட்டு போதும்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு சூழ்நிலையைத் தமிழில் எழுதுங்கள். பழமொழி அதற்குக் கீழேதான். இது என் கண்டுபிடிப்பு அல்ல. கிரிகோரி பெர்மியாகோவ் என்ற சோவியத் ஆய்வாளர் பழமொழியை ஒரு சூழ்நிலைக்கு வைத்த அடையாளமாகப் பார்த்தார். பல நாட்டுப் பழமொழிகளையும் அவற்றில் வரும் வார்த்தைகளை விட்டுவிட்டு, அவை குறிக்கும் சூழ்நிலையை வைத்தே வகை பிரித்தார். நம் நோட்டும் அந்த வழியில்தான்.

என் நோட்டில் எனக்குப் பிடித்த பக்கத்தைக் காட்டுகிறேன். தலைப்பு: 'எது எங்கே குவிந்து கிடக்கிறதோ, அங்கேயே அதைக் கொண்டுபோவது.'

ஆங்கிலத்தில் இது 'நியூகாசிலுக்கு நிலக்கரி சுமப்பது'. இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் இருக்கும் நியூகாசிலிலிருந்துதான் பல நூற்றாண்டுகள் லண்டனுக்குக் கப்பல் கப்பலாக நிலக்கரி போனது. ரஷ்யனில் 'தூலாவுக்குச் சொந்த சமோவரைத் தூக்கிக்கொண்டு போவதில்லை'. தூலா மாஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 180 கிலோமீட்டரில் இருக்கும் ஊர். சமோவர் என்பது நடுக்குழாயில் கரி போட்டு டீக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரம். 1778-ல் லிசீத்சின் சகோதரர்கள் தூலாவில் சமோவர் பட்டறை போட்டார்கள், அப்புறம் ஊரே அந்தத் தொழிலுக்குப் பேர் போனது. பிரெஞ்சில் ஊர்ப் பெயர் எதுவும் வேண்டாம், 'ஆற்றுக்குத் தண்ணீர் சுமப்பது' போதும். நம்மிடம் பழையது 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது', இப்போது எல்லார் வாயிலும் இருப்பது 'திருநெல்வேலிக்கே அல்வாவா'.

இவ்வளவும் அர்த்தம். இனிமேல்தான் நோட்டுக்கு வேலை. ரஷ்யர்கள் தூலா சமோவரை இன்னொரு இடத்திலும் கேலியாகப் பயன்படுத்துவார்கள்: கடற்கரை ஊருக்கு விடுமுறை போகிற ஆண் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனால், நண்பர்கள் கண்ணடித்துக்கொண்டு இதைச் சொல்வார்கள். நியூகாசில் நிலக்கரியில் அந்தக் கண்ணடிப்பு கிடையாது. நம் அல்வாவுக்கும் தனி வால் ஒன்று உண்டு. 'அல்வா கொடுப்பது' என்றால் ஏமாற்றுவது ஆகிவிட்டதால், எத்தனுக்கே எத்து வேலை காட்டுகிறாயா என்ற வாடை அதில் சேர்ந்துவிட்டது. இந்த வால்களைத்தான் பக்கத்தின் அடியில் எழுத வேண்டும். பட்டியல்களில் அவை இருக்காது.

முதல் வாரம் சுலபமானவை

'நெருப்பில்லாமல் புகையாது' நான்கு மொழியிலும் உண்டு. 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்பதும் அப்படியே. 'பேச்சு வெள்ளி, மௌனம் தங்கம்' மூன்று ஐரோப்பிய மொழியிலும் இருக்கிறது. இவற்றை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம், அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை.

ஏன் இவை இப்படிப் பொருந்துகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் நல்லது. பெரும்பாலும் லத்தீனும் பைபிளும்தான் காரணம். டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1500-ல் பாரிஸில் 818 கிரேக்க, லத்தீன் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். சாகும்வரை சேர்த்துக்கொண்டே போய் 4,151-ல் நிறுத்தினார். அந்தத் தொகுப்பிலிருந்து படித்தவர்கள் வழியாகப் பல பழமொழிகள் ஊர் ஊராகப் பரவின. 'தானம் கொடுத்த குதிரையின் பல்லைப் பார்க்காதே' அதற்கும் மிகப் பழையது. லத்தீன் பைபிளைத் தந்த ஜெரோம் காலத்திலேயே, அதாவது 1,600 வருடத்துக்கு முன்பே, அது 'ஊரில் சொல்வது போல' என்று சொல்லும் அளவுக்குப் பழகிப்போயிருந்தது. குதிரையின் வயது பல்லில் தெரியும். மாட்டின் வயதும் அப்படித்தான். 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்பது நம் பழமொழி. இதை யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்கியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சந்தையில் வாயைப் பிளந்து பார்ப்பது எல்லா ஊரிலும் ஒரே வேலைதான்.

சில பழமொழிகள் போகிற இடத்தில் உடை மாற்றிக்கொள்ளும். ஆங்கிலத்தில் ரோம் ஒரே நாளில் கட்டப்படவில்லை. பிரெஞ்சில் ரோமும் உண்டு, பாரிஸும் உண்டு. ரஷ்யனில் மாஸ்கோ. எழுதிவிட்டு நகருங்கள்.

கோழிக்குஞ்சும் கரடித்தோலும்

இங்கே கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டும். சூழ்நிலை: 'கைக்கு வராததை வந்துவிட்டதாக நினைத்துக் கணக்குப் போடுவது.' தமிழில் 'எருமை வாங்குமுன் நெய் விலை பேசுவது'.

பிரெஞ்சில் கரடியைக் கொல்வதற்கு முன்னால் தோலை விற்கக் கூடாது. பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோன்தேன் 1668-ல் வெளியிட்ட நீதிக்கதைகளில், கரடியைப் பிடிக்காமலே தோலை விற்றுவிட்டுக் காட்டுக்குப் போகிற இரண்டு பேரின் கதை இருக்கிறது. ரஷ்யனிலும் அதே கரடி உண்டு, ஆனால் அங்கே தோலை விற்பதில்லை, 'கொல்லாத கரடியின் தோலைப் பங்கு போடாதே' என்பார்கள். ஆங்கிலத்தில் குஞ்சு பொரிப்பதற்கு முன் எண்ணாதே.

ரஷ்யனில் கோழிக்குஞ்சும் உண்டு: 'குஞ்சுகளை இலையுதிர் காலத்தில்தான் எண்ணுவார்கள்.' பார்த்தவுடன் ஆங்கிலத்துக்கு நேர் ஜோடி என்று தோன்றும். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆங்கிலக் குஞ்சு இன்னும் முட்டைக்குள்ளேயே இருக்கிறது. ரஷ்யக் குஞ்சு வசந்தத்திலேயே பொரித்து முற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பருந்து, நோய், குளிர் எல்லாம் தாண்டி எத்தனை மிஞ்சும் என்பதுதான் அங்கே கேள்வி. அதனால் ஆங்கிலப் பழமொழியைத் தொடக்கத்தில் குதிப்பவனிடம் சொல்லலாம். ரஷ்யப் பழமொழியைப் பாதி ஆட்டத்தில் ஜெயிப்பவனிடமும் சொல்லலாம்: 'இரு, கடைசியில் பார்ப்போம்.' இந்த வித்தியாசத்தை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள், போதும்.

லா ஃபோன்தேன் பெயர் வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'கிடைக்காத பலாக்காயை விடக் கிடைத்த களாக்காய் மேல்' என்பதற்கு ரஷ்யனில் 'வானத்துக் கொக்கை விடக் கையில் இருக்கும் சிட்டு மேல்' (சிட்டு என்று நான் சொல்வது 'சினீத்சா' என்ற சின்னப் பறவை). ஆங்கிலத்தில் கையில் ஒரு பறவை, புதரில் இரண்டு. லா ஃபோன்தேன் கதையிலும் வருகிற பிரெஞ்சுப் பழமொழியில் பறவையைக் காணோம்: 'ஒரு தியான், இரண்டு துய்லோராவை விட மேல்'. புதிதாகப் படிப்பவர்கள் அகராதியைப் புரட்டி முழிக்கும் இடம் இது. 'தியான்' என்றால் 'இந்தா, பிடி'. 'துய் லோரா' என்றால் 'உனக்குக் கிடைக்கும்'. ஒரு 'இந்தா', இரண்டு 'அப்புறம் தர்றேன்'-ஐ விட மேல் என்று படித்தால் உடனே புரியும். கடன் கொடுத்துவிட்டு அலைந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

ஒரே படம், எதிர் அறிவுரை

படம் ஒன்றாக இருப்பதை வைத்து ஜோடி சேர்ப்பதில் வரும் ஆபத்துக்குக் கல்லை விட நல்ல உதாரணம் கிடையாது.

பிரெஞ்சில் 'பியேர் கி ரூல் நமாஸ் பா மூஸ்'. உருளும் கல்லில் பாசி பிடிக்காது, அதாவது ஊர் ஊராக, வேலை வேலையாக மாறிக்கொண்டிருப்பவன் எதையும் சேர்க்க மாட்டான். ஆங்கிலத்திலும் அதே வாக்கியம் உண்டு. ஆனால் இன்றைக்கு ஆங்கிலம் பேசுபவர்களில் பலர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்கிறார்கள்: ஓடிக்கொண்டே இரு, பாசி பிடிக்காது. ஒரே வாக்கியம், கேட்பவரைப் பொறுத்து இரண்டு அறிவுரை. ரஷ்யனில் கல் தேடினால் 'பத் லிஜாச்சி காமின் வதா நி திச்சோத்' கிடைக்கும். கிடக்கிற கல்லுக்கு அடியில் தண்ணீர் ஓடாது, எழுந்து ஏதாவது செய் என்று அர்த்தம். பிரெஞ்சுக் கல் இருக்கிற இடத்தில் இரு என்கிறது, ரஷ்யக் கல் கிளம்பு என்கிறது. இந்த இரண்டையும் ஒரே வரியில் போட்ட பட்டியல்களை நானே பார்த்திருக்கிறேன்.

ரஷ்யக் கல்லுக்குப் பொருத்தமான பிரெஞ்சு வேறு திசையில் இருக்கிறது: 'துணியாதவனுக்கு ஒன்றுமில்லை.' அதற்கு ரஷ்யன் இன்னொன்று வைத்திருக்கிறது, 'துணியாதவன் ஷாம்பெயின் குடிப்பதில்லை.' பிரான்ஸின் சரக்கு, பழமொழியானது ரஷ்யாவில்.

ஏழு என்ற எண்ணும் ஏமாற்றும். 'ஏழு தடவை அள, ஒரு தடவை வெட்டு' ரஷ்யன். ஆங்கிலத் தச்சர்கள் இரண்டு தடவை அளந்தாலே போதும் என்பார்கள். பிரெஞ்சில் 'பேசுவதற்கு முன் நாக்கை வாய்க்குள் ஏழு தடவை சுழற்று'. ஏழு இருக்கிறது, நிதானம் இருக்கிறது, ஆனால் இது வாயைப் பற்றியது மட்டும். வீடு வாங்கப் போகிறவரிடம் இதைச் சொன்னால் அவருக்கு எதற்கு என்றே புரியாது.

சூடுபட்ட பூனை

நான்கு மொழியையும் வைத்துச் செய்து பார்க்க நல்ல பயிற்சி ஒன்று இருக்கிறது. 'சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் 'வெந்நீர் பட்ட பூனை பச்சைத் தண்ணீருக்குப் பயப்படும்'. பூனைக்குப் பூனை! ரஷ்யனில் 'பாலில் சுட்டுக்கொண்டவன் தண்ணீரையும் ஊதிக் குடிப்பான்'. ஆங்கிலத்தில் 'ஒரு தடவை கடிபட்டவன் இரண்டு மடங்கு கூச்சப்படுவான்'.

இப்போது எது எதற்கு ஜோடி? நம் பூனை செய்வது புத்திசாலித்தனம். சுட்ட இடத்துக்குத் திரும்பப் போகவில்லை, அவ்வளவுதான். பிரெஞ்சுப் பூனையும் ரஷ்ய மனிதனும் தேவையில்லாததற்கும் பயப்படுகிறார்கள், பச்சைத் தண்ணீர் யாரைச் சுடும்? அந்தப் பயத்துக்கு நம்மிடம் பக்கத்தில் வருவது 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்'. ஆனால் அதில் முன்னால் பட்ட சூடு இல்லை. ஆங்கிலம் இரண்டு பக்கமும் இழுத்தால் வரும். என் பக்கத்தில் பூனையையும் பேயையும் அருகருகே எழுதி, நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் கேள்விக்குறி போடத் தயங்காதீர்கள்.

குரலைக் குறிப்பது

யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோமோ அவரே கதவைத் திறந்துகொண்டு வருகிறார். ஆங்கிலத்தில் சாத்தானைப் பற்றிப் பேசினோம் என்பார்கள். பிரெஞ்சில் 'ஓநாயைப் பற்றிப் பேசினால் வால் தெரியும்'. ரஷ்யனில் ஓநாய்ப் பழமொழி ஒன்று உண்டு, ஆனால் நடப்புப் பேச்சில் அதிகம் வருவது 'பேரைச் சொன்னதும் வந்து நிற்கிறவர்' என்கிற மாதிரி ஒரு சின்னத் தொடர், 'லியோகக் நா பமீனிஎ'. நாம் என்ன சொல்வோம்? 'உங்களுக்கு நூறு ஆயுசு!'

மேலதிகாரி உள்ளே வரும்போது நூறு ஆயுசு என்று வாழ்த்தலாம். ஓநாய் என்றால் எப்படி? பிரெஞ்சில் நண்பர்களுக்குள் சிரித்துக்கொண்டு சொல்லலாம், புதிதாக அறிமுகமான பெரியவரிடம் வேண்டாம். அதனால் ஒவ்வொரு பழமொழிக்குப் பக்கத்திலும் வாழ்த்து, கேலி, கண்டிப்பு, கசப்பு என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள்.

கசப்பு என்று ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், 'முட்டையை உடைக்காமல் ஆம்லெட் வராது' என்ற பிரெஞ்சுப் பழமொழிக்கு ஜோடியாக 'காட்டை வெட்டினால் செத்தை பறக்கும்' என்ற ரஷ்யப் பழமொழியைத் தருவார்கள். 'லெஸ் ரூபியத், ஷ்செப்கி லெதியாத்.' அர்த்தம் பொருந்துகிறது. ஆனால் 1930-களில், ஸ்டாலின் காலத்தில், ஒன்றும் அறியாதவர்கள் கைதாகிக் காணாமல் போனதற்குச் சமாதானமாகச் சொல்லப்பட்டது இதுதான். வீட்டில் பெயிண்ட் அடிக்கும்போது சோபா அழுக்கானதற்கு ஆம்லெட் பொருந்தும். செத்தையை எடுப்பதற்கு முன் எதிரில் இருப்பவரின் வயதைப் பாருங்கள்.

இன்னும் சில, தெரிந்து வைத்துக்கொள்ள மட்டும். வாயில் எடுக்க வேண்டாம். 'அழையாத விருந்தாளி தாதாரை விட மோசம்' என்று ரஷ்யனில் ஒன்று இருக்கிறது. ரஷ்யாவில் ரஷ்யர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் இருக்கும் இனம் தாதார்கள். உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இதே குசும்பின் விளையாட்டு வடிவம் ஒன்று உண்டு. விருந்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் நழுவுவதை ஆங்கிலேயர் 'பிரெஞ்சு விடுப்பு' என்பார்கள், பிரெஞ்சுக்காரர் 'இங்கிலீஷ் பாணியில் நழுவுவது' என்பார்கள். ரஷ்யர்கள் பிரெஞ்சுக்காரர் பக்கம் சேர்ந்துகொண்டு ஆங்கிலேயர் மேல் போடுகிறார்கள்.

உயிரோடு இருக்கிறதா?

விளாதிமிர் தால் 1862-ல் வெளியிட்ட ரஷ்யத் தொகுப்பில் முப்பதாயிரத்துக்கும் மேல் பழமொழிகள் இருக்கின்றன. அதைக் கண்டு மலைக்க வேண்டாம். 1970-களில் மாஸ்கோவில், முன்னே சொன்ன அதே பெர்மியாகோவ், சாதாரண மக்களுக்கு எந்தெந்தப் பழமொழி தெரியும் என்று சோதித்துப் பார்த்தார். அந்த வேலையின் வழியாக, வெளிநாட்டவர் ரஷ்யன் படிப்பதற்கென்று அவர் தேர்ந்தெடுத்தவை 300. உங்கள் நோட்டுக்கும் அந்த அளவு போதும், நூறு கிடைத்தாலே நிறைய.

செத்துப்போன ஜோடிதான் பட்டியல்களில் அதிகம். 'நூறு ரூபிள் வேண்டாம், நூறு நண்பர்கள் இருக்கட்டும்' என்பதை ரஷ்யர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதற்கு எதிரே ஆங்கிலத்தில் அரசவை நண்பன், பைக்காசு என்று ஏதோ போட்டிருப்பார்கள். அதை இன்றைக்கு யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

உயிரோடு இருப்பதற்கு ஓர் அடையாளம், பாதியில் விட்டாலும் புரிவது. 'யானைக்கு ஒரு காலம் வந்தால்...' என்று நாம் நிறுத்திவிடுகிற மாதிரி, ரஷ்யர்கள் 'ரிபாக் ரிபக்கா...' என்று இழுத்துவிட்டு விட்டுவிடுவார்கள். முழுசாக, 'மீனவன் மீனவனைத் தூரத்திலேயே கண்டுகொள்வான்'. ஆங்கிலத்தில் 'ஒரே இறகுப் பறவைகள்' என்பதோடு நின்றுவிடும். பிரெஞ்சின் 'கி ச ரஸாம்ப்ள் ஸஸாம்ப்ள்' ரொம்பச் சின்னது, எதுகைக்காகவே முழுசாகச் சொல்வார்கள். பாதி வடிவத்தை நோட்டில் கட்டாயம் எழுதுங்கள், காதில் விழப்போவது அதுதான். கூடவே, பறவையும் பிரெஞ்சும் 'இனம் இனத்தோடு சேரும்' பக்கம், மீனவன் 'பாம்பின் கால் பாம்பறியும்' பக்கம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது

'இந்தப் பழமொழிக்கு உங்கள் மொழியில் என்ன?' என்று கேட்காதீர்கள். கேட்டவர் உதவி செய்கிற நல்லெண்ணத்தில் படம் ஒத்துப்போகிற ஏதோ ஒன்றைத் தந்துவிடுவார். கதையாகக் கேளுங்கள்: 'என் தம்பி வேலைக்கு இன்டர்வியூதான் முடித்திருக்கிறான், அதற்குள் பைக் புக் பண்ணிவிட்டான். உங்கள் அம்மா இருந்தால் என்ன சொல்வார்?' அம்மா என்று கேட்பதில் சூட்சுமம் இருக்கிறது. தன்னைக் கேட்டால் யோசிப்பார்கள், அம்மாவைக் கேட்டால் காதில் கேட்ட குரல் அப்படியே வரும்.

கேட்க ஆள் இல்லையா? ரஷ்ய மொழிக்கு தேசியத் தரவகம் 2004 முதல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. பழமொழியின் முதல் இரண்டு வார்த்தையைப் போட்டால் நாவலிலும் நாளிதழிலும் வந்த வாக்கியங்கள் வரும். பத்து வாக்கியம் படித்தால் யாரை எதற்குத் திட்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும். பிரெஞ்சுக்கு நான்சி நகரத்திலிருந்து வரும் சிஎன்ஆர்டிஎல் அகராதித் தளம் போதும். ஆங்கிலத்துக்குச் செய்தித்தாள் தேடலே போதும். மொழிபெயர்ப்பு ஆப்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அவை பல நேரம் பட்டியலையே திருப்பித் தரும்.

காலியாக விட்ட பக்கம்

என் நோட்டில் 'பெர்வி பிளின் கோமம்' என்ற பக்கம் இன்னும் நிரம்பவில்லை. பிளின் என்பது ரஷ்யர்களின் மெல்லிய தோசை மாதிரியான பண்டம். 'முதல் பிளின் கட்டியாகத்தான் வரும்': புதிதாகச் செய்யும் எதிலும் முதல் முயற்சி சொதப்பும், கவலைப்படாதே. ஆங்கிலப் பக்கத்தில் 'பயிற்சி செய்தால் கைவரும்' என்று சிலர் எழுதுகிறார்கள். பிரெஞ்சில் 'இரும்பு அடித்து அடித்துத்தான் கொல்லன் ஆகிறான்' என்று. இரண்டும் அறிவுரை. பிளின் அறிவுரை சொல்லவில்லை, அடுப்பங்கரையில் நின்று தட்டிக்கொடுக்கிறது.

அந்த அம்மையாரிடம் ஒரு நாள், எங்கள் வீட்டிலும் கல்லில் முதல் தோசை பிய்ந்துதான் வரும், அதைப் பழமொழியாக யாரும் சொல்வதில்லை, அம்மா பேசாமல் தன் தட்டில் போட்டுக்கொள்வார் என்று சொன்னேன். அதையும் எழுதிவை என்றார். எழுதி வைத்திருக்கிறேன், பென்சிலில்.